பேயாண்டி டிரைவரின் ஒரே பாட்டு

நான் சத்தம் போட்டுப் பிழைப்பவன். அவனியாபுரத்தில் எனக்கு ஓர் ஆட்டோ, அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், தண்ணீர் வராத நாள், பெரிய வீட்டுச் சாவு எல்லாம் என் தொண்டை வழியாகத்தான் ஊருக்குப் போகும். பெயர் வெள்ளைத்துரை. ஆள் கறுப்பு. கேலி பேச வேண்டியவர்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காதது 'காணவில்லை' அறிவிப்பு. தள்ளுபடி என்றால் கடைக்காரர் நாலு தெரு சுற்றியதும் போதும் என்பார். காணாமல் போனவர் வீட்டு ஆட்கள் போதும் என்று சொல்லவே மாட்டார்கள். இன்னும் ஒரு தெரு, அந்த முக்கு வரைக்கும் மட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே "மாநிறம், உயரம் ஐந்தரை அடி" என்று கத்துவது பெரிய பாவம் போல இருக்கும். அதனால் யாராவது கூப்பிட்டால் மைக் ரிப்பேர் என்று பொய் சொல்லிவிடுவேன்.

போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை மதியம் விளாங்குடியிலிருந்து சின்னத்தாய் அக்கா கூப்பிட்டபோதும் அதே பொய்யைத்தான் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. "மைக் வேணாம் தம்பி, குழாய் மட்டும் வேலை செஞ்சாப் போதும்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

விஷயம் இதுதான். அவருடைய கணவர் பேயாண்டிக்கு அறுபத்தாறு வயது. மூன்று வருடமாக மறதி நோய். பழைய ஆட்களையும் தெரியவில்லை, புது ஆட்களையும் தெரியவில்லை. கட்டிய மனைவியை 'நீங்க யாரு வீட்டம்மா' என்று மரியாதையாகக் கேட்கிறார். கூடவே சர்க்கரை. அன்று காலை அக்கா பால் வாங்கத் தெருமுனைக்குப் போன பத்து நிமிடத்தில் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போய்விட்டார். கையில் போன் இல்லை, காலில் செருப்புகூட இல்லை. மெயின் ரோட்டில் ஒரு மருந்துக்கடை கேமராவில், சிம்மக்கல் போகிற டவுன் பஸ்ஸில் அவர் ஏறுவது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் திவ்யா, அப்பாவின் படத்தை வாட்ஸ்அப்பில் எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஸ்கூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள். கத்திரி வெயில். மாத்திரை இல்லாமல், தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத ஆள் மூன்று நாளைத் தாண்டுவது கஷ்டம் என்று அவரைப் பார்க்கிற டாக்டர் திவ்யாவிடம் சொல்லியிருந்தார். திவ்யா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

வழக்கப்படி நான் ஒரு தாளை எடுத்து அடையாளம் எழுத ஆரம்பித்தேன். அக்கா என் கையைத் தடுத்தார்.

"பேரச் சொல்லிக் கூப்ட்டாத் திரும்ப மாட்டாரு தம்பி. அவரு பேரே அவருக்கு மறந்துபோச்சு. பாட்டு மட்டுந்தான் மறக்கல. டிவியில பழைய பாட்டு வந்தா காலால தாளம் போடுவாரு. அவரு பாட்டப் போடுங்க. எங்க இருந்தாலும் எந்திரிச்சு வருவாரு."

அவர் நீட்டிய பென் டிரைவில் பதினோரு பாட்டுகள் இருந்தன. திவ்யா இறக்கிக் கொடுத்தது, வரிசை அம்மா சொன்னது. எந்தப் பாட்டு, எந்தப் படம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கு அந்தப் பாட்டோடு வேறு ஏதாவது ஞாபகம் இருக்கும், நடுவில் நான் வரக் கூடாது.

சிம்மக்கல்லில் தொடங்கினோம். மொத்தக்கடைகளில் சரக்கு இறக்குகிற நேரம். லாரிக்காரன், மூட்டை தூக்குகிறவன், பஸ்காரன் எல்லாரும் ஹாரன் அடிக்க, நடுவில் காதல் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவை நடை வேகத்தில் ஓட்டினேன். எந்தக் கட்சிக்குண்ணே ஓட்டு கேக்குறீங்க என்று ஒருத்தன் கிண்டலடித்தான். பழைய பாட்டாப் போடுறீங்களே, ஐயாவுக்குக் கல்யாணமா என்று இன்னொருத்தன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. வண்டிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கடை வாசலில், மரத்தடியில், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறவர்களின் முகத்தை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். பாட்டு மாறும்போது மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியாது.

இருபது வயதில் சமயநல்லூரிலிருந்து சிம்மக்கல்லுக்குத் தையல் வேலைக்கு வந்து போனவர் சின்னத்தாய் அக்கா. காலை எட்டு பத்துக்குச் சோழவந்தானிலிருந்து ஒரு தனியார் பஸ் வரும். பச்சை நிறம் என்பதால் எல்லாருக்கும் அது பச்சை வண்டி. அந்த வண்டிக்கு டிரைவர் பேயாண்டி. பாட்டுக்காகவே ஆட்கள் அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வண்டிக்கு நிற்பார்களாம். சின்னத்தாய் ஏறியதும் ஓடுகிற பாட்டு நின்று வேறு பாட்டு மாறும். நீலத் தாவணி கட்டினால் நீலத்தைப் பற்றிய பாட்டு. மழையில் நனைந்து ஏறினால் மழைப் பாட்டு. தையல் கடையில் திட்டு வாங்கி அழுத முகத்தோடு ஏறிய ஒரு சாயங்காலம் ஒரு தாலாட்டு வந்ததாம். டிரைவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மேலே உள்ள கண்ணாடியில் கண் மட்டும் தெரியும். இம்புட்டு பாட்டுத் தெரிஞ்ச மனுசன் மனசுல எம்புட்டு இருக்கும் என்று நினைத்து, பேசி வைத்திருந்த தாய்மாமன் மகனை வேண்டாம் என்று சொல்லி, மூன்று நாள் பட்டினி கிடந்து அவரையே கட்டிக்கொண்டார்.

ஏழாவது பாட்டு ஓடும்போது திவ்யா பிறந்ததைச் சொன்னார். ஒன்பதாவது பாட்டின்போது ஜெயிலைச் சொன்னார். திவ்யாவின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால், தேனூர் தாண்டி வாய்க்கால் பாலத்து நிறுத்தத்தில், ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று பச்சை வண்டிச் சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனது. விசில் வருவதற்கு முன்னால் நானாகவே வண்டியை எடுத்துவிட்டேன் என்று பேயாண்டி ஒப்புக்கொண்டார். வழக்கு, ஒரு வருட ஜெயில். வெளியே வந்தபின் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. சாகிறவரை தொட மாட்டேன் என்று சொல்லி ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருபது வருடம் உட்கார்ந்திருந்தார். ஜெயிலிலிருந்து வந்த அன்று அக்கா அந்த ஒன்பதாவது பாட்டை டேப்பில் போட்டாராம். அவர் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு, சோறு போடச் சொன்னாராம். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டே கிடையாது. நோய் வந்த பிறகுதான் டிவி பாட்டுக்குத் தாளம் போடுகிறார்.

இருட்டுகிறவரை சுற்றினோம். யாரும் எழுந்து வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவனியாபுரத்திலிருந்து ஒரு போன். பேச்சு வராத பெரியவர் ஒருத்தர் பட்டறை வாசலில் படுத்திருக்கிறார் என்றார்கள். என் ஏரியா என்பதால் பறந்தேன். பின்சீட்டில் அக்கா மாத்திரை, தண்ணீர், இட்லிப் பொட்டலம் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் வேகமா" என்று என்னை அண்ணனாக்கிக்கொண்டே வந்தார். போய்ப் பார்த்தால் அது பேயாண்டி இல்லை. யாரோ ஒரு வடக்கத்தி ஆள், குடித்துவிட்டுக் கிடந்தான். அக்கா அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த இட்லியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். அந்த ஒரு நாளில் அவர் அழுதது அப்போது மட்டும்தான். நானும் அழுதேன். அழுதபடியே அவனியாபுரம் தெருத் தெருவாக மழைப் பாட்டைப் போட்டேன். நாற்பது டிகிரி வெயிலில் மழைப் பாட்டு. என் தெருக்காரர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள்.

சாயங்காலம் திவ்யா போன் செய்து, பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறை வரைக்கும் பார்த்துவிட்டேன், அங்கே இல்லை என்றாள். அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னாள். அக்காவும் நல்ல செய்தி போலவே கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை, அதாவது மூன்றாவது நாள், விளாங்குடி வீட்டு வாசலில் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் நாமம். அக்கா அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கண்டக்டர் தம்பி" என்றார்.

துளசிராம். பச்சை வண்டியில் பேயாண்டிக்குக் கண்டக்டர். நெசவுக் குடும்பத்துச் சௌராஷ்டிரப் பிள்ளை, தறியில் உட்காராமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வந்தவர். விபத்துக்குப் பிறகு பேயாண்டி வீட்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லையாம், இருபத்தெட்டு வருடமாக. இப்போது சிம்மக்கல் பக்கம்தான் வீடு.

அவர் உட்காரவில்லை. அண்ணனைக் காணோம் என்று வாட்ஸ்அப்பில் பார்த்தேன், திங்கட்கிழமையே ஆட்டோவில் பாட்டுகளைக் கேட்டேன் மதினி, அந்த வரிசையைக் கேட்டதுமே அது உங்கள் வீட்டு வண்டி என்று தெரிந்துவிட்டது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன் என்றார். எனக்குக் கையில் இருந்த துணியை அவர் முகத்தில் எறியலாம் போல இருந்தது. ஒரு மனிதர் வெயிலில் செத்துக்கொண்டிருக்கிறார், இவர் கதவைச் சாத்திக்கொண்டாராம். வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை கேட்டுவிட்டேன்.

"நீங்க போடுற பாட்டுக்கு அண்ணன் வர மாட்டாரு மதினி. அது அண்ணன் பாட்டு இல்ல. அம்புட்டும் நான் பதிஞ்சது."

பாட்டுக் கேசட் எல்லாம் அவருடையது. கேசட் பதிகிற கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து வாங்கி வருவது அவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று கையை நீட்டிப் பாட்டை மாற்றுவதும் அவர். சின்னத்தாய் ஏறினால் மாற்றச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். அதுவும் அவர்தானாம். அண்ணன் அந்தப் பெண்ணைக் கண்ணாடியில் பார்ப்பதைக் கவனித்து, நம்மால் ஆன உதவி என்று மாற்றினாராம். கல்யாணத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றதற்கு, அந்தப் புள்ள பாட்டுக்காகத்தான்டா என்னைக் கட்டிருக்கு, இருந்துட்டுப் போகட்டும் என்று பேயாண்டி சிரித்தாராம்.

சின்னத்தாய் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாழ்க்கைக்கு அடியில் இருந்த பலகையை அப்படியே உருவி எடுத்தது போல ஆகிவிட்டது அவருக்கு. இந்த நேரத்தில் இது தேவையா என்று நான் துளசிராமை முறைத்தேன்.

"அத நான் அப்பறமா அழுதுக்கிறேன்" என்றார் அக்கா. "அவரு பாட்டு எது? அதச் சொல்லுங்க."

துளசிராம் அப்போதுதான் திண்டாடினார். சொல்ல வந்துவிட்டு, சொல்ல முடியாமல் சைக்கிள் சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

பேயாண்டிக்கு ஒரே ஒரு பாட்டுத்தான். லாரியில் கிளீனராக இருந்த பத்தொன்பது வயதில், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் வைத்து முதலாளி முதன்முதலாக லாரிச் சாவியை அவர் கையில் கொடுத்தார். அப்போது கடை ரேடியோவில் பாதிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாதியிலிருந்து இரண்டு வரி அவருக்கு மனப்பாடம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்த இரண்டு வரியைத்தான் முணுமுணுப்பார். படம் ஓடாத படம், பாட்டும் எங்கேயும் கிடைக்காத பாட்டு. துளசிராம் ஆறு வருடம் தேடி, கடைசியில் ஒரு பதிவுக் கடையில் பழைய இசைத்தட்டைக் கண்டுபிடித்து, திவ்யாவின் பிறந்தநாளுக்கு அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு புதுக் கேசட்டில் பதிந்தார். சொல்லாமல் கொள்ளாமல் போட்டு அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. சாயங்கால டிரிப்பில் கேசட்டைச் செருகிவிட்டு, முதலில் வெறும் நாடா ஓடுகிற நேரத்தில் டிக்கெட் போடப் பின்னால் போனார்.

பஸ்ஸில் விசில் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். அந்தப் பாட்டு தொடங்குவதே இரண்டு விசிலில். யாரோ ஒருவன் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு குட்டி விசில், அப்புறம்தான் குழலும் தாளமும். தொடக்கத்தைப் பேயாண்டி கேட்டதே கிடையாது. வாய்க்கால் பாலத்தில் வண்டி நின்று, மீனா என்ற அந்தப் பிள்ளை முன்படியில் இறங்கியது. அதன் தூக்குவாளி கையிலிருந்து தவறி வண்டிக்கு அடியில் உருண்டது. பிள்ளை குனிந்தது. அப்போது டிரைவர் தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கரில் இரண்டு விசில் வந்தது.

"நான் விசில் கொடுக்கல மதினி. வாயில டிக்கெட்டுக் கட்டக் கவ்விக்கிட்டு நின்னேன். அது பாட்டு. பிள்ள கீழ கெடக்கு, சனம் கத்துது, பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. நான்தான் போய் நிறுத்தினேன். கேசட்டக் கொண்டுபோய் ஆத்துல போட்டேன்."

போலீஸ் கேட்டபோது பேயாண்டி பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். பாட்டினால் வந்தது என்று அண்ணனுக்குத் தெரியும், தெரிந்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்தேன், எந்த முகத்தோடு வந்து நிற்பது என்றார் துளசிராம். அவருக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் மாலையும் கழுத்துமாக நின்றார். அதே மாதம் பேயாண்டிக்கு ஜாமீன் எடுக்க ஆள் தேடி அலைந்தவர் சின்னத்தாய் அக்கா.

நான் அக்காவைப் பார்த்தேன். டிவியில் ஒரே ஒரு தடவை ஒரு பாட்டு விசிலோடு தொடங்கியபோது பேயாண்டி எழுந்து போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டதாக மெதுவாகச் சொன்னார். அப்போது என்ன என்று புரியவில்லையாம். பிறகு இன்னொன்று சொன்னார். அந்த வாய்க்கால் பாலத்துப் பக்கம் அவர் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார், அதனால்தான் அந்தப் பக்கம் தேடவே தோன்றவில்லை என்று. துளசிராம் தலையை ஆட்டினார். பயந்த ஆளுக்குப் பயம் மறந்து போயிருந்தால் பழகிய ரூட்டுக்குத்தானே போவார், சிம்மக்கல்லில் இருந்துதானே பச்சை வண்டி கிளம்பும் என்றார். இரண்டு நாளைத் தப்பான ஊரில், தப்பான பாட்டோடு வீணாக்கியிருந்தோம்.

போனில் தேடினேன். இப்போதெல்லாம் எதுவும் கிடைக்கிறது, ஓடாத படத்துப் பாட்டும் கிடைத்தது. போடலாமா என்று கேட்டேன். துளசிராம் வேண்டாம் என்று கும்பிட்டார். வண்டியில் போய்த் தேடுவோம், பாட்டு மட்டும் வேண்டாம், அதைக் கேட்டால் அண்ணன் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவார் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த மனிதருக்கு மறந்து போனதே நல்லது என்று ஒன்று இருந்தால் அது அந்த விபத்தாகத்தான் இருக்கும். எனக்கும் கை வரவில்லை.

"உசுரோட இருந்தாத்தான தம்பி அழுவாரு" என்றார் சின்னத்தாய் அக்கா. "போடுங்க."

மூன்று பேரும் கிளம்பினோம். பரவை, சமயநல்லூர் வரை தேடிக்கொண்டே போய், அதற்குப் பிறகு பாட்டைப் போட்டேன். இரண்டு விசில், குழல், தாளம். நாலரை நிமிடம். முடிந்ததும் மறுபடி இரண்டு விசில். ஒவ்வொரு தடவை விசில் வரும்போதும் பின்சீட்டில் துளசிராம் உடம்பு தூக்கிப் போட்டது. அக்கா மறுபக்கம் வாழைத்தோப்பு, தென்னந்தோப்பு எல்லாவற்றையும் கண்ணால் துழாவிக்கொண்டே வந்தார். நல்ல பாட்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு நாளில் கேட்டிருந்தால் நானும் முணுமுணுத்திருப்பேன். அன்று ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

தேனூர் தாண்டியதும் மணி பதினொன்று. தார் உருகி டயரில் ஒட்டியது. மூன்றாவது நாள் பாதி முடிந்துவிட்டது என்ற நினைப்பு மூன்று பேருக்கும் இருந்தது. வழியில் ஒரு பெட்டிக்கடைக்காரர், செருப்பில்லாத ஆள் ஒருத்தர் முந்தாநாள் நடந்து போனதைப் பார்த்ததாகவும், பைத்தியம் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவரைத் திட்டக்கூட நேரம் இல்லை. அக்கா, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

வாய்க்கால் பாலம் வந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை பாட்டை ஓட்டினேன். ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது தடவை விசில் வந்ததும் வண்டியை மெல்ல உருட்டினேன்.

வாழைத்தோப்புக்குள் இருந்த பம்புசெட் அறைப் பக்கத்திலிருந்து ஓர் உருவம் ஓடி வந்தது. வேட்டி கிழிந்து, உடம்பெல்லாம் சேறு காய்ந்து, கால் இரண்டும் புண். மோட்டார்த் தண்ணீர்தான் அவரை மூன்று நாள் காப்பாற்றியிருக்கிறது. நேராக ரோட்டின் நடுவில் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நான் பிரேக் அடித்தேன். அக்கா வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது பேச்சு இல்லை.

பேயாண்டி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சுடுகிற தாரில் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து ஆட்டோவின் அடியில் பார்த்தார்.

"வண்டிய எடுக்காதீங்க. புள்ள கீழ கெடக்கு."

பாட்டை அணைத்தேன். அவசரத்தில் முதலில் சத்தம் கூடி, பிறகுதான் அணைந்தது. அக்கா இறங்கிப் போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டார். கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். அவரும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டு, பிள்ளை அப்போதே வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது, கீழே ஒன்றும் இல்லை, வாங்க என்றார். பேயாண்டி அதைக் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டுத் தாரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

துளசிராம் இறங்கினார். அவர் காலைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்தார் பேயாண்டி. முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனைவியைத் தெரியாதவர், பெற்ற மகளைத் தெரியாதவர், இவரைத் தெரிந்துகொண்டார். எழுந்து, துளசிராமின் கையைப் பிடித்துப் பாலத்துச் சுவர் ஓரமாகக் கூட்டிப் போனார். யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். நாலடி தூரத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"துளசி, நீ ரெண்டு விசில் கொடுத்தத யாருகிட்டயும் சொல்லிராத. வைகாசியில ஒனக்குக் கல்யாணம் இருக்கு. நானா வண்டிய எடுத்துட்டேன்னு போலீசுல சொல்லிக்கிறேன்."

துளசிராம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாட்டைப் பற்றி அண்ணனுக்குத் தெரியவே தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. விசில் கொடுத்தது தம்பிதான் என்று நம்பி, அவனுக்காக ஜெயிலுக்குப் போயிருக்கிறார் மனிதர்.

"நான் விசில் கொடுக்கலண்ணே" என்றார் துளசிராம். "அது பாட்டுல வந்த விசில். நான் ஒங்களுக்காகப் பதிஞ்ச பாட்டுண்ணே."

பேயாண்டி முழுக் கவனத்தோடு கேட்டார். பிறகு அவர் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"அப்படித்தான். யாரு கேட்டாலும் இதையே சொல்லு. நான் கொடுக்கலன்னே சொல்லு."

துளசிராம் மறுபடியும் சொன்னார். அழுதுகொண்டே மூன்றாவது தடவையும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பேயாண்டி தலையை ஆட்டி, சரியாகச் சொல்கிறாய், பயப்படாதே என்று தைரியம் சொன்னார். சின்னத்தாய் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று வெயிலில் நின்றார்.